பூஞ்சணத்துக்கு மருந்து தேடுறதுக்கு முன்னாடி தண்ணியைத் தேடுங்க

புது ஷூ வாங்கினா டப்பாவுக்குள்ள ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். "சாப்பிடக் கூடாது"ன்னு போட்டிருக்குமே, அதுதான். பெரும்பாலும் சிலிக்கா ஜெல். எங்க வாணியம்பாடியிலயும் பக்கத்து ஆம்பூர்லயும் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போறவங்க வீட்டுல சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். தோல் பொருள் கப்பல்ல வாரக்கணக்கா போகும்போது ஈரம் ஏறினா பூஞ்சணம் பிடிச்சிடும். ஈரத்தை உறிஞ்சத்தான் அந்தப் பொட்டலம். ஆனா உலகத்துல சில கம்பெனிகள் இதுக்குப் பதிலா டைமெத்தில் ஃபியூமரேட்னு ஒரு பூஞ்சைக்கொல்லியைப் பொட்டலம் கட்டி வச்சாங்க. பூஞ்சணம் வரல. அந்த சோஃபாவுல உட்கார்ந்தவங்களுக்கும் ஷூ போட்டவங்களுக்கும் தோல் வெந்து கொப்புளம் வந்துச்சு. 2009-ல ஐரோப்பிய யூனியன் அதைத் தடை பண்ணிடுச்சு.

ஈரத்தை எடுக்கிறதா, விஷத்தை வைக்கிறதா? கடலோர வீட்டைச் சுத்தம் பண்றதுலயும் கேள்வி இதேதான். எங்க ஊர் கடல்ல இருந்து சுமார் 150 கி.மீ. உள்ளே இருக்கு, எங்களுக்கு வெயில்தான் பிரச்சினை. ஆனா நம்ம பேட்ச்ல பாதிப் பேர் இந்த வருஷம் வேலைக்குச் சென்னை போறோம். வேளச்சேரி, திருவான்மியூர் பக்கம் நாலு பேரா ரூம் எடுப்போம். ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் பீரோவுக்குப் பின்னாடி சுவர் கறுக்கும், பெல்ட்ல பச்சை பூக்கும். உடனே கடைக்கு ஓடி ஏதோ ஒரு ஸ்ப்ரே வாங்கிட்டு வருவோம்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு. 10-க்கு 10 ரூம், உயரமும் 10 அடின்னா உள்ளே சுமார் 28 கன மீட்டர் காத்து. 30 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். சென்னை மழைக்காலத்துல ஈரப்பதம் 80 சதவீதம்னு வச்சுக்குவோம். மிச்சம் இருக்கிற இடம் எவ்வளவு? மொத்த ரூமுக்கும் 170 கிராம் தண்ணி, அவ்வளவுதான். ஒரு டம்ளர். துவைச்ச ஒரு ஜீன்ஸை ஜன்னலைச் சாத்திட்டு உள்ளே காயப்போட்டாலே அது தீர்ந்துடும். மிச்ச ஈரம் சுவர்லதான் இறங்கணும். சுவரை ஒட்டின காத்துல ஈரப்பதம் 75, 80-ஐத் தாண்டியே இருந்தா பூஞ்சணத்துக்கு வேற எதுவும் வேணாம், தூசியும் பெயின்ட்டும் போதும்.

ஏசி இருந்தா இன்னொரு கணக்கும் இருக்கு. தெர்மோ சப்ஜெக்ட்ல சைக்ரோமெட்ரிக் சார்ட் படிச்சோமே (எக்ஸாமோட மறந்தாச்சு, தெரியும்), அது இங்கதான் உதவும். 30 டிகிரி, 80 சதவீதக் காத்து 26 டிகிரிக்குக் கீழ போனா நீராவி தண்ணியா மாறிடும். பக்கத்து ரூம்ல ராத்திரி முழுக்க ஏசி ஓடி நடுச்சுவர் 24-க்கு வந்துச்சுன்னா, ஏசி இல்லாத நம்ம பக்கம் அந்தச் சுவர் வேர்க்கும். பீரோவை அந்தச் சுவர்ல ஒட்டாம ஒரு சாண் தள்ளிப் போட்டா காத்து போக வழி கிடைக்கும். இதுக்குச் செலவே இல்லை.

கடலோரத்துக்கே உரிய விஷயம் உப்பு. சமையல் உப்பு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினதும் காத்துல இருக்கிற தண்ணியை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்துல உப்பு ஜாடி கசகசன்னு ஆகுறது இதனாலதான். கடல்காத்து ஜன்னல் கம்பியிலயும் கொசுவலையிலயும் சுவர்லயும் படிய வைக்கிறதும் பெரும்பாலும் இதே உப்புதான். அதனால முதல் வேலை வெறும் தண்ணியில நனைச்ச துணியால இந்த உப்பைத் துடைச்சு எடுக்கிறது. உடனே காய்ஞ்ச துணியால ஒரு தடவை. எந்த பாட்டில்லயும் விக்காத கிளீனர் இது.

ஏற்கெனவே பூஞ்சணம் வந்துட்டா காய்ஞ்ச பிரஷ்ஷால தேய்க்காதீங்க, விதைத்தூள் ரூம் முழுக்கப் பறக்கும். ஈரப்பதமும் பூஞ்சணமும் உள்ள வீடுகள்ல ஆஸ்துமா, மூச்சுக்கோளாறு அதிகம்னு உலக சுகாதார நிறுவனம் 2009-லயே சொல்லியிருக்கு. மாஸ்க் போட்டுக்கிட்டு, சோப்புத் தண்ணியோ கடையில விக்கிற வினிகரோ தொட்டுத் துடைங்க, அப்புறம் ஃபேனைப் போட்டுக் காய விடுங்க. மார்பிள், மொசைக், கடப்பா கல் மேல வினிகர் படக் கூடாது, அரிச்சிடும். யூடியூப்ல வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து நுரை பொங்க வைக்கிறாங்களே, அதுல ஆசிட்டும் காரமும் ஒண்ணையொண்ணு தீர்த்துக்கிட்டு சோடியம் அசிடேட் தண்ணிதான் மிஞ்சும். தனித்தனியா ரெண்டும் வேலை செய்யும், சேர்த்தா வேடிக்கைதான்.

நுரை வேடிக்கையோட போயிடும். பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தா அப்படி இல்லை, குளோரின் வாயு வரும். 1915-ல முதல் உலகப்போர்ல பதுங்குகுழிகள் மேல விட்ட அதே வாயு. ஜன்னல் இல்லாத நாலடி பாத்ரூம்ல அதைச் செஞ்சா ஆஸ்பத்திரிதான்.

ஊத்தினது எங்க போகும்னு எங்க ஊர்க்காரங்களுக்குத் தனியா சொல்ல வேணாம். பாலாத்துல டேனரிக் கழிவு கலந்த வழக்குல, மாசுபடுத்தினவங்கதான் செலவை ஏத்துக்கணும்னு உச்ச நீதிமன்றம் 1996-ல தீர்ப்பு சொல்லுச்சு. ஒரு வீட்டு பினாயிலையும் டேனரிக் கழிவையும் ஒரே தராசுல வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனா வாராவாரம் ஸ்ப்ரே அடிச்சும் சுவர் மறுபடி கறுக்குதுன்னா, அந்த மருந்து சாக்கடைக்குத்தான் வேலை செஞ்சிருக்கு.

டேனரியில இருந்து வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போகக்கூடிய பொருள் ஒண்ணு இருக்குன்னா அது சுண்ணாம்பு. அங்க தோல்ல இருந்து முடியைக் கழட்டுற சுண்ணாம்புத் தண்ணியோட பிஎச் 12-க்கு மேல. அந்தக் காரத்துல பூஞ்சணம் வளராது. சுண்ணாம்பு அடிச்ச சுவர், பிளாஸ்டிக் பெயின்ட் மாதிரி ஈரத்தை உள்ளே அடைக்காம வெளியே விடும். காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு பட்டுப் பட்டு அந்தக் காரம் குறையும், அதனால வருஷா வருஷம் அடிக்கணும். வடகிழக்குப் பருவமழை முடிஞ்ச கையோட, பொங்கலுக்கு முன்னாடி வெள்ளையடிச்சாங்க நம்ம தாத்தா பாட்டி. வாடகை வீட்டுல ஓனர் விட மாட்டார். சில நூறு ரூபாய்க்கு ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கி பீரோ பக்கத்துல மாட்டுங்க. 70-ஐத் தாண்டினா ஈரத்துணியை பால்கனிக்குத் தூக்குங்க, குளிச்சு முடிச்சதும் பாத்ரூம் கதவை ரூம் பக்கம் சாத்திட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்க. ஷூவை பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைக்காதீங்க, உள்ளே பழைய பேப்பரைத் திணிச்சு நிழல்ல காய வைங்க. வெயில்ல வச்சா தோல் வெடிச்சிடும்.