பண்டகச் சந்தையில் முதல் வேலை

மேல்நிலை வகுப்பில் பங்குச் சந்தைப் பாடம் நடத்தும்போது, "கமாடிட்டி டிரேடிங்கில் வேலை கிடைக்குமா சார்?" என்று யாராவது ஒரு மாணவர் கேட்டுவிடுகிறார். தங்கம், கச்சா எண்ணெய், பருத்தி, மஞ்சள் போன்றவற்றை முன்பேர ஒப்பந்தங்களாக வாங்கி விற்கும் சந்தை அது. அங்கே புதிதாக நுழையும் இளைஞர் என்ன செய்வார் என்பதை விளக்க, சிகாகோவின் பழைய வணிகக் கூடம் நல்ல எடுத்துக்காட்டு.

1848இல் தொடங்கிய சிகாகோ வணிக வாரியத்தில் கோதுமை, மக்காச்சோளம், சோயா ஆகியவற்றை, 'பிட்' எனப்படும் எண்கோணப் படிக்கட்டு வளையங்களில் நின்று கூவி விற்றார்கள். அங்கே கடைநிலை வேலை 'ரன்னர்'. தொலைபேசி மேசையில் எழுதப்படும் ஆர்டர் சீட்டைப் பிட்டில் நிற்கும் தரகரிடம் கொண்டு சேர்க்க வேண்டும். முடிந்த ஆர்டரின் சீட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பட்டம் தேவைப்படவில்லை. அதற்கு அடுத்த நிலைகளில் தொலைபேசி எழுத்தர், கைச்சைகையால் ஆர்டர் அனுப்பும் எழுத்தர் என்று பணிகள் இருந்தன.

அந்தக் கைச்சைகையை வகுப்பில் செய்து காட்டலாம். உள்ளங்கை தன்னை நோக்கி இருந்தால் வாங்குகிறார். வெளியே நோக்கி இருந்தால் விற்கிறார். விலையைக் கை நீட்டிக் காட்டுவார்கள், எண்ணிக்கையை முகத்தருகே. தாடையருகே ஒரு விரல் என்றால் ஒன்று. அதே விரல் நெற்றிக்குப் போனால் பத்து! தொடக்க வகுப்பில் நாம் சொல்லித்தரும் இடமதிப்புதான் இது. ஒரு கோதுமை ஒப்பந்தம் 5,000 புஷல், அதாவது ஏறத்தாழ 136 டன். விலையில் ஒரு சென்ட் பிசகினால் 50 டாலர் இழப்பு. பத்து ஒப்பந்தம் என்றால் 500 டாலர். வாங்கியவர் குறிப்பும் விற்றவர் குறிப்பும் பொருந்தாவிட்டால், மறுநாள் சந்தை திறக்கும் முன்பே வந்து சரிசெய்வதற்கென்று தனி எழுத்தர்கள் இருந்தார்கள். தொழிலைக் கற்க அதைவிட நல்ல இடம் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

கணினித் திரை வந்தபின் கூட்டம் குறைந்தது. 2015 ஜூலையில் சிகாகோவின் பெரும்பாலான முன்பேரப் பிட்கள் மூடப்பட்டன. ரன்னர் வேலையும் அவற்றோடு போயிற்று.

இந்தியாவில் 2003இல் வணிகத்தைத் தொடங்கிய எம்.சி.எக்ஸ்., என்.சி.டி.இ.எக்ஸ். இரண்டும் முதலிலிருந்தே திரை வழிச் சந்தைகள். ஆகவே இங்கே சீட்டு சுமந்து நுழையும் வழி இல்லை. தரகு நிறுவனங்களில் வாடிக்கையாளர் ஆவணங்களைச் சரிபார்த்தல், அன்றைய வணிகக் கணக்கை ஒப்பிடுதல், கிடங்குகளில் எடையும் தரமும் பார்த்தல் ஆகியவையே தொடக்க வேலைகள். தரகு நிறுவனத்தின் டெர்மினலில் ஆர்டர் போடுபவர், என்.ஐ.எஸ்.எம். நடத்தும் பண்டக முன்பேரச் சான்றிதழ்த் தேர்வில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்.

மாணவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது இன்னொன்று. 'வேலை' என்று அழைத்து, "கணக்குத் தொடங்கு, உன் பணத்தைப் போடு, லாபத்தில் பங்கு தருகிறோம்" என்று சொன்னால் அது வேலையே அல்ல, ஆள் பிடிப்பது. சிகாகோ ரன்னர் சம்பளம் வாங்கினார். வேலைக்குச் சேர அவர் தன் கைக்காசைப் போட வேண்டியிருக்கவில்லை. பண்டக முன்பேரச் சந்தை 2015 முதல் செபியின் கண்காணிப்பில் இருக்கிறது. பதிவு பெற்ற தரகர்களின் பட்டியல் செபி இணையதளத்தில் உண்டு. அழைப்பு வந்த நிறுவனத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் பள்ளியின் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மாணவரையே தேடிப் பார்க்கச் சொல்லலாம். பத்து நிமிடம் போதும்.