ஊரடங்கிலும் நிற்கக் கூடாத மாத்திரை

கணக்கில் வராமல் போனவர்கள்

இந்தியாவில் 2019இல் ஏறத்தாழ 24 லட்சம் பேர் காசநோயாளிகளாகப் பதிவானார்கள். கொரோனா பரவிய 2020இல் அந்த எண்ணிக்கை சுமார் 18 லட்சமாக இறங்கியது. நோய் குறைந்துவிட்டது என்று மகிழ இதில் ஒன்றுமில்லை. மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியதும் பேருந்துகள் நின்றன. சளியைப் பரிசோதிக்கும் கருவிகள் பலவும், அவற்றை இயக்கியவர்களும் கொரோனாப் பணிக்குத் திருப்பப்பட்டார்கள். இருமினாலே அக்கம்பக்கம் ஒதுக்கிவைத்த நாட்கள் அவை. நோயுற்றவர்கள் வீட்டோடு முடங்கினார்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாகக் குறைந்துவந்த உலகக் காசநோய்ச் சாவுகள் அந்த ஆண்டில் மீண்டும் ஏறி 15 லட்சத்தைத் தொட்டன. அப்படிக் கூடுதலாகப் போன உயிர்கள் எந்தக் கொரோனாப் பட்டியலிலும் இல்லை.

உடம்பு தேறியதும் வரும் ஆபத்து

மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதச் சிகிச்சை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள் சேர்ந்து பெரும்பாலான கிருமிகளைக் கொன்றுவிடுகின்றன. சில வாரங்களிலேயே காய்ச்சல் விடும், பசி எடுக்கும், எடை ஏறும். ஊரடங்கில் மாத்திரை கிடைக்காதவருக்கு "இனி தேவையில்லை" என்று தோன்றுவதும் அப்போதுதான். ஆனால் மெதுவாகப் பெருகும் கிருமிகள் உள்ளே பதுங்கியிருக்கின்றன. மருந்தை நிறுத்தினால் அவை மறுபடி பெருகும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட் போன்ற முதன்மை மருந்துகளுக்கே அடங்காத கிருமிகள் தலையெடுக்க வழி பிறக்கும். பிறகு சிகிச்சை நீளும், பக்கவிளைவுகள் கூடும், அந்த முரட்டுக் கிருமி வீட்டிலுள்ளவர்களையும் தொற்றும்.

"இப்போதைக்குத் தள்ளிப்போடலாமே?"

ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு வழி, மருந்தை நோயாளியிடம் கொண்டுசேர்ப்பதுதான். ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுக்கலாம், போனில் ஆலோசனை சொல்லலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது; காசநோய் மாத்திரைக்கும் அதே வழி பொருந்தும். இருமலில் ரத்தமோ மூச்சுத்திணறலோ இருந்தால் மட்டும் போன் ஆலோசனை போதாது, நேரில் போயே ஆக வேண்டும்.

இன்னொரு வாதம் கடினமானது: ஆளும் படுக்கையும் போதாதபோது முதலில் பெருந்தொற்றைத்தானே பார்க்க வேண்டும்? 2014-15இல் கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளில் எபோலா 11,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மற்ற சிகிச்சைகள் பாதியாகக் குறைந்திருந்தால் மலேரியா, எச்.ஐ.வி., காசநோயால் கூடுதலாக 10,000 பேருக்கு மேல் இறந்திருப்பார்கள் என்று பின்னர் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஒரு நோய்க்காக மற்றவற்றைக் கைவிட்டால் ஏறக்குறைய அதே அளவு சாவு வேறு வாசல் வழியாக வரும். கொரோனாவையும் காசநோயையும் சேர்த்துப் பார்க்கப் பெரிய செலவும் வேண்டியதில்லை: இரண்டு வாரமாக இருமுபவருக்குக் கொரோனா இல்லை என்று முடிவு வந்தால், அத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிடாமல் சளியையும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும்.