பாஸ்போர்ட் அட்டைக்குள் ஒரு கணினி தூங்குகிறது, தெரியுமா?

நெமிலிச்சேரி வழியாகச் சென்னை வெளிவட்டச் சாலையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஃபாஸ்டேக் பழகிய பொருள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன ஸ்டிக்கருக்குள் பேட்டரி கிடையாது. சுங்கச்சாவடிக் கருவி வீசும் ரேடியோ அலையிலிருந்தே மின்சக்தியை எடுத்துக்கொண்டு விழிக்கும், தன் எண்ணைச் சொல்லும், மறுபடி தூங்கிவிடும். அதன் பங்காளி ஒருவர் நம் வீட்டு பீரோவுக்கே வந்துவிட்டார், தெரியுமா? 2025 மார்ச் 3 அன்று சென்னை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகம் சில்லு பதித்த இ-பாஸ்போர்ட் கொடுக்கத் தொடங்கியது. அதே மாதம் 22-ஆம் தேதிக்குள் தமிழ்நாட்டில் 20,729 பேர் கைக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்றே வாரத்தில்!

உங்களுடையது அந்த வகையா என்று பார்க்க நிபுணர் யாரும் வேண்டாம். முன்னட்டையில் ‘பாஸ்போர்ட்’ என்ற எழுத்துக்குக் கீழே பொன்னிறத்தில் ஒரு சின்னச் செவ்வகம், நடுவில் ஒரு வட்டம் இருந்தால், உள்ளே சில்லு இருக்கிறது. உலகம் முழுக்க இதே குறிதான். டோக்கியோவிலும் துபாயிலும் அதிகாரி அதைப் பார்த்ததும் புரிந்துகொள்வார்.

பங்காளிகள்தான், ஆனால் குணம் வேறு. ஃபாஸ்டேக் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையில் சில மீட்டர் தூரத்துக்குப் பேசும். பாஸ்போர்ட் சில்லு பேசுவது 13.56 மெகாஹெர்ட்ஸில், அதுவும் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டருக்குள். கருவியின் மேல் வைத்தால்தான் வாய் திறக்கும். ஆகவே ‘இதை வைத்து நாம் போகும் இடமெல்லாம் கண்காணிப்பார்கள்’ என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்பாதீர்கள். அதில் ஜிபிஎஸ் இல்லை, பேட்டரியும் இல்லை.

அந்தப் பத்து சென்டிமீட்டருக்குள்ளும் அது சும்மா பேசாது! சில்லுக்கு ஒரு கடவுச்சொல் உண்டு. அது எங்கே இருக்கிறது தெரியுமா? உங்கள் புகைப்படம் இருக்கும் பக்கத்தின் அடியில், அம்புக்குறி மாதிரி வரிசையாக ‘<<<’ என்று அச்சாகியிருக்கும் இரண்டு வரிகளில். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் திறவுகோல் உருவாகிறது. அதிகாரி புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைக் கருவியில் வைத்த பிறகே சில்லு பதில் சொல்லும். மூடிய புத்தகம் ஊமை.

இந்த இரண்டு வரிகளை நாம் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. படித்தால் வியப்புதான். வரிக்கு 44 இடங்கள். எந்த நாட்டு பாஸ்போர்ட் என்றாலும் இதே கணக்கு. சில எண்களின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இலக்கம் ஒரு காவல்காரன். 1947 ஆகஸ்ட் 15 அன்று பிறந்தவர் என்று வையுங்கள். இயந்திரம் அதை 470815 என்று எழுதும். ஒவ்வோர் இலக்கத்தையும் 7, 3, 1, மறுபடி 7, 3, 1 என்று வரிசையாகப் பெருக்குங்கள்: 28, 21, 0, 56, 3, 5. கூட்டினால் 113. பத்தால் வகுத்தால் மீதி 3. அந்த 3-தான் பிறந்த தேதிக்குப் பின்னால் அச்சாகும். யாராவது ஓர் இலக்கத்தைச் சுரண்டி மாற்றினால் கணக்கு பெரும்பாலும் இடிக்கும். வீட்டுப் பிள்ளைகளிடம் உங்கள் பாஸ்போர்ட்டைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அருமையான கணக்குப் பாடம்.

பெயருக்கு அங்கே எத்தனை இடம் தெரியுமா? 39. முதல் ஐந்தை ஆவண வகையும் ‘ஐஎன்டி’ என்ற நாட்டுக் குறியும் எடுத்துக்கொள்ளும். நீளமான தமிழ்ப் பெயரும், விரித்து எழுதிய அப்பா பெயரும் சேர்ந்தால் வால் வெட்டுப்படும். நம் இனிஷியல் வழக்கத்தை இந்த அமைப்பை வகுத்தவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று என்றே கட்டம் போட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரை அங்கே எழுதுகிறோம். வெளிநாட்டு விமான நிலையத்தில் அப்பா பெயரைச் சொல்லி நம்மைக் கூப்பிடுகிறார்கள். சிலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ‘ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அனுமதி இல்லை’ என்று அறிவித்தபோது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எத்தனை வீடுகளில் கலக்கம்! இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. பாஸ்போர்ட்டின் நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும், தமிழனின் பெயரை ஒழுங்காகத் தாங்க அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பது என் உறுதியான கருத்து.

சரி, சில்லை நகலெடுத்துவிட முடியாதா? முடியும்! 2006-லேயே லூக்காஸ் க்ருன்வால்ட் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் தன் நாட்டு இ-பாஸ்போர்ட்டின் தகவலை இன்னொரு சில்லில் ஏற்றிக் காட்டினார். ஆனால் உள்ளே ஓர் எழுத்தை மாற்ற முயன்றால்தான் தெரியும் சங்கதி. பெயர், முகம் எல்லாவற்றின் மேலும் அரசு ஒரு மின்னணுக் கையொப்பம் இட்டிருக்கிறது. பழைய அரசர்கள் ஓலைச்சுருளின் மேல் வைத்த அரக்கு முத்திரை மாதிரி, தொட்டால் உடைந்துவிடும். உடைந்ததைக் கண்டுபிடிக்கக் கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரியாத கருவி என்ன செய்யும்? 2008-ல் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் ஒரு தானியங்கி இயந்திரம், 1977-லேயே இறந்துபோன பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் பாஸ்போர்ட்டை ஏற்றுக்கொண்டு அவர் படத்தையும் திரையில் காட்டியது! பாதுகாப்பு ஆய்வாளர்கள் வேண்டுமென்றே செய்த சோதனை அது. கையொப்பம் யாருடையது என்று அந்த இயந்திரம் சரிபார்க்கவே இல்லை.

இதைவிட வேதனையான கதை 2014-ல். காணாமல் போன மலேசியாவின் எம்எச்370 விமானத்தில் இரண்டு பேர் திருட்டு பாஸ்போர்ட்டில் ஏறியிருந்தார்கள், ஒன்று ஆஸ்திரியாவுடையது, மற்றது இத்தாலியுடையது. இரண்டும் தாய்லாந்தில் திருடுபோனவை. திருட்டுத் தகவல் இன்டர்போல் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியல் 2002 முதல் இருக்கிறது. கோலாலம்பூரில் யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

வினோதம் என்னவென்றால், உலகிலேயே முதன்முதலில் சில்லு வைத்த பாஸ்போர்ட் கொடுத்த நாடு அதே மலேசியாதான். 1998 மார்ச்! அமெரிக்காவும் ஐரோப்பாவும் யோசிப்பதற்கு முன்பே மலேசியத் தமிழர் கையில் அது வந்துவிட்டது. இந்தியாவில் முதல் இ-பாஸ்போர்ட் 2008 ஜூன் 25 அன்று அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீலுக்கு வழங்கப்பட்டது. அது தூதரக வகை. நம்மைப் போன்ற சாதாரண மக்களுக்கான முன்னோட்டம் 2024 ஏப்ரல் 1-ல்தான் வந்தது. பதினாறு ஆண்டு இடைவெளி!

இந்தப் புத்தகம் எங்கே தயாராகிறது தெரியுமா? மகாராஷ்டிரத்தின் நாசிக்கில், இந்தியப் பாதுகாப்பு அச்சகத்தில். 1925-ல் தொடங்கியது. அதற்கு முன்பு, 1850-களின் நடுவிலிருந்தே இந்தியாவுக்கான தபால்தலைகளை லண்டனில் டி லா ரூ என்ற நிறுவனம் அச்சடித்துக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த டி லா ரூவின் பிற்கால வரலாற்றைக் கேளுங்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேற முடிவெடுத்து, ‘இனி நம் பழைய நீல நிற பாஸ்போர்ட்’ என்று கொண்டாடியது. 2018-ல் அதை அச்சிடும் ஒப்பந்தம் டி லா ரூவுக்குக் கிடைக்கவில்லை. ஏறக்குறைய 26 கோடி பவுண்டு வேலை, பிரெஞ்சு-டச்சு நிறுவனமான ஜெமால்டோவுக்குப் போனது. வெற்றுப் புத்தகங்கள் தயாராவது போலந்தில்! 2019-ல் ஜெமால்டோவை பிரான்சின் தாலஸ் வாங்கியது. டி லா ரூ தன் அடையாள ஆவணத் தொழிலையே அதே ஆண்டு விற்றுவிட்டது. ஒரு காலத்தில் நம் தபால்தலையை அச்சிட்ட நாட்டின் பாஸ்போர்ட் இன்று வெளிநாட்டில் தயாராகிறது, நம்முடையது நாசிக்கில். இதில் நாம் பெருமைப்பட இடம் உண்டு.

பாஸ்போர்ட் அச்சிடும் சந்தையில் கை விரல்களால் எண்ணிவிடக்கூடிய நிறுவனங்களே பெரியவை: தாலஸ், ஜெர்மனியின் வெரிடோஸ், பிரான்சின் ஐஎன் குரூப் என்று. சொந்த அச்சகம் இல்லாத நாடுகள் இவர்கள் வாசலில் நிற்க வேண்டும். அங்கேதான் விலை விளையாடும். காங்கோ ஜனநாயகக் குடியரசில் ஒரு பாஸ்போர்ட்டுக்கு மக்கள் 185 டாலர் கட்டினார்கள். அதில் ஒரு பகுதி வளைகுடாவில் பதிவான ஒரு நிறுவனத்துக்குப் போனதை 2017-ல் ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டுவந்தது. ஏழை நாட்டின் குடிமகன் ஊரைவிட்டுக் கிளம்பும்போதே சுரண்டப்படுவது கொடுமை. பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 2024-ல் வெற்றுப் புத்தகங்கள் தீர்ந்துபோக, பத்தரமுல்லை குடிவரவுத் திணைக்களத்தின் முன்னால் விடிய விடிய வரிசை. கையில் பணமும் வெளிநாட்டு வேலையும் இருந்தும், எழுதிக்கொடுக்கப் புத்தகம் இல்லை!

சில்லால் முடியாத ஒன்றும் உண்டு. பொய்ச் சான்று கொடுத்து உண்மையான பாஸ்போர்ட் வாங்கினால், கையொப்பம் கனகச்சிதமாக இருக்கும். அதைத் தடுப்பது பழைய முறைதான்: வீடு தேடி வரும் போலீஸ் விசாரணை. நெமிலிச்சேரி வட்டாரத்தில் அது 2022 ஜனவரி 1-ல் பிறந்த ஆவடி காவல் ஆணையரகத்தின் வேலை. நாட்டின் அதிநவீன ஆவணத்துக்கும் அடித்தளம், தெருவில் விலாசம் கேட்டு வரும் அந்தக் காவலர்தான்.

கையில் பழைய பாஸ்போர்ட் இருப்பவர்கள் பதற வேண்டாம். காலாவதித் தேதிவரை அது செல்லும். புதிதாக வாங்கப்போகிறவர்கள் இனிஷியலை விரித்து, ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் இருப்பதுபோலவே ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். இ-பாஸ்போர்ட்டை மடிக்காதீர்கள், ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள், ஈரம் பட விடாதீர்கள். இன்னொன்று மிக முக்கியம். சில்லைத் திறக்கும் மூன்று தகவலும் அந்த ஒரே பக்கத்தில் இருக்கின்றன என்று பார்த்தோம் அல்லவா? ‘விசா கிடைச்சாச்சு’ என்று அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து ஸ்டேட்டஸ் வைக்கிற பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.