குறியும் பொருளும்

கணிதக் குறிகளுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை என்பர். டில்லியிலும் பம்பாயிலும் பயிலும் நம் குழந்தைகள் வேற்றுமொழியில் பாடம் கேட்பினும், கரும்பலகையிலுள்ள சமன்பாடு அவர்களுக்கு அயலாகத் தோன்றுவதில்லை. ஆயினும், மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், அக்குறிகளையும் பெயர்த்தே ஆகவேண்டிய ஓர் இடம் உண்டு என்பதை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். அதுவே கணினி.

ப(க + 1) என்பதை நோக்குவோம். ப என்பது ஓர் எண்ணாயின் இது பெருக்கல். சார்பாயின் அச்சார்பின் மதிப்பு. மாணவன் முன்பின் நோக்கித் தெளிவான். கணினிக்கோ நாமே ஐயத்தை அகற்றித் தரவேண்டும்.

1957ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழுவினர் ஃபோர்ட்ரான் என்னும் கணினிமொழியை வெளியிட்டனர். வாய்பாட்டுப் பெயர்ப்பு என்பதே அப்பெயரின் பொருள். அதில் இரண்டு எழுத்துக்களை அருகருகே எழுதினால் பெருக்கலாகாது. இடையே நட்சத்திரக் குறி இடவேண்டும். க = க + 1 என்பது கணிதத்தில் பொய்; ஃபோர்ட்ரானிலோ, 'க-வின் மதிப்புடன் ஒன்றைக் கூட்டி வை' என்னும் கட்டளை. 1998ல் வெளிவந்த மேத்எம்எல், குறியின் தோற்றத்தை எழுத ஒரு முறையும் பொருளை எழுத மற்றொரு முறையும் வகுத்தது.

இதனால் யாருக்குப் பயன்? வானொலியில் '6 கூட்டல் 4 வகுத்தல் 2' என்று வாசித்தால் விடை 5 என்பார் ஒருவர், 8 என்பார் மற்றொருவர். தாளில் ஒரு கோடு ஐயத்தைத் தீர்த்துவிடும். செவிக்குக் கோடு ஏது? பார்வையற்ற மாணவனின் இடர்ப்பாடு இதுவே.

புனேயில் வளர்ந்து இளமையிலேயே பார்வையிழந்த டி. வி. ராமன், 1994ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வாக ஆஸ்டர் என்னும் கணினி முறையை அமைத்தார். சமன்பாட்டின் உள்ளமைப்பை அறிந்து, அடுக்கு வருமிடத்தில் குரலை மாற்றி அது வாசித்தது. கண் காணும் அமைப்பைக் காதும் உணர்ந்தது.

ஆதலின், கணினியில் பாடக்குறிப்பு எழுதுவோர் சமன்பாட்டைப் படமாக ஒட்டாது, சமன்பாடாகவே எழுதுவாராக. படத்தில் இருப்பது வடிவமே. அதனைச் செவிவழிக் கற்கும் மாணவனுக்கு வேண்டுவது பொருளன்றோ!