திராட்சை அறுவடைக்கு நாள் குறிப்பது யார்: மழையா, கத்தரியா?

மதுரையிலிருந்து வாடிப்பட்டி தாண்டி கொடைரோடு பக்கம் போனால், ரோட்டோரக் கடைகளில் கருநீலத் திராட்சைக் கொத்துகளைப் பார்க்கலாம். நம்மூரில் இதற்குப் பன்னீர் திராட்சை என்று பெயர். ரகத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் இதே பழத்துக்குத்தான் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்படியே சாப்பிடலாம், ஜூஸ் போடலாம், ஒயினும் தயாரிக்கலாம்.

ஆனால் இந்த வாரம் வாங்கினால் தேன், அடுத்த முறை வாங்கினால் புளி. கடையும் அதேதான், ரகமும் அதேதான். பிறகு ஏன் இப்படி?

முதல் காரணம், திராட்சை பறித்த பிறகு பழுக்காது. மாங்காயை வைக்கோலில் மூடி வைத்தால் பழுக்கும், வாழைத்தாரும் அப்படித்தான். திராட்சையில் அந்த வேலை நடக்காது. கொடியிலிருந்து வெட்டிய நிமிடத்தோடு அதில் சர்க்கரை ஏறுவது நின்றுவிடும். அதனால்தான் எந்த நாளில் பறிக்கிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

பச்சையாக, கெட்டியாக இருக்கும் காய் ஒரு கட்டத்தில் நிறம் திரும்பத் தொடங்கும். அப்போதிருந்து இலைகள் தயாரிக்கும் சர்க்கரை காய்க்குள் வேகமாக இறங்கும், புளிப்பு குறையும். நிறம் வந்துவிட்டாலே பழம் ரெடி என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நிறம் முந்திக்கொள்ளும், இனிப்பு பின்னாலேயே வரும். ஒரே கொத்தில் சில பழம் கறுத்தும் சில பழம் சிவந்தும் நிற்பது மஸ்கட்டின் பழைய தலைவலி.

ஒயினுக்கு இந்தக் கணக்கு இன்னும் கறார். ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் 1 சதவீத ஆல்கஹால் கிடைக்கும். 12 சதவீத ஒயின் வேண்டுமென்றால் லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை வேண்டும். இனிப்பு மட்டும் போதாது, கொஞ்சம் புளிப்பும் மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

அந்தப் புளிப்பைக் காப்பாற்றுவது குளிர்ந்த இரவு. பழத்திலுள்ள மாலிக் அமிலம் வெப்பத்தில் சீக்கிரம் கரைந்துபோகும். ராத்திரியும் புழுக்கமாக இருந்தால் தோலில் நிறமும் சரியாக ஏறாது. ஒயினுக்குப் பேர்போன நாசிக்கில், ஜனவரி முதல் மார்ச் வரையிலான அறுவடைக் காலத் தொடக்கத்தில் இரவு வெப்பம் 10 டிகிரி அளவுக்குக்கூட இறங்கும். மதுரைச் சமவெளியில் மே மாத இரவு சராசரி 26 டிகிரியை ஒட்டி இருக்கும். வித்தியாசம் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்து மழை. பழுக்கும் நேரத்தில் பலத்த மழை பெய்தால் வேர் தண்ணீரை உறிஞ்சும், பழம் உப்பும், தோல் வெடிக்கும். வெடித்த பழத்தில் பூஞ்சை ஏறி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக் கொத்தே அழுகும். மழைக்கு முந்தி இலையில் அடிச்சாம்பல் நோய் வந்தாலும் சிக்கல்தான், சர்க்கரை தயாரிக்கும் இலை போய்விட்டால் இனிப்பு எங்கிருந்து வரும்? அறுவடைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பே பாசனத்தை நிறுத்துவது இதனால்தான். ஆனால் வானத்தில் கருமேகம் திரண்டால் அதை நிறுத்த வழியில்லை. 'இன்னும் நாலு நாள் விட்டால் இனிக்கும், ஆனா மழை வந்துட்டா?' நாலு மாச உழைப்பும் மருந்துச் செலவும் இந்த ஒரு முடிவில் தொங்குகிறது. எடைக்குத்தான் காசு என்னும்போது, பயந்து முன்கூட்டியே வெட்டுபவரைக் குறை சொல்லவும் முடியாது.

பிரான்ஸில் இந்தச் சூதாட்டம் வருஷத்துக்கு ஒருமுறை. பனிக்காலத்தில் கொடி உறங்கும், வசந்தத்தில் துளிர்க்கும். பர்கண்டியின் போன் நகரில் 1354 முதலான அறுவடைத் தேதிகள் பதிவில் உள்ளன. அவற்றைத் தொகுத்து 2019-ல் வெளியான ஆய்வின்படி, 1987 வரை சராசரியாகச் செப்டம்பர் 28-ல் தொடங்கிய அறுவடை, 1988-க்குப் பிறகு 13 நாள் முந்திவிட்டது. பூமி சூடாவதைத் திராட்சைக் கொடியே குறித்து வைத்திருக்கிறது.

நம் பக்கம் கொடிக்கு உறக்கமே கிடையாது. கவாத்து செய்தால் துளிர்க்கும், அதிலிருந்து நாலு மாசத்தில் பழம். அதனால் அறுவடையை ஓரளவு விவசாயியே குறிக்கிறார். டிசம்பர், ஜனவரியில் வெட்டினால் ஏப்ரல், மே மாதங்களில் பழம். மே, ஜூனில் வெட்டினால் ஆகஸ்ட், செப்டம்பரில். இரண்டிலும் பறிப்பு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடிந்துவிடும். இப்படி மாற்றி மாற்றி வெட்டி, இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை வரைகூட எடுக்கிறார்கள்.

ஆனாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது. ஏப்ரல் பழத்துக்குக் கோடை மழையின் பயம், செப்டம்பர் பழத்துக்குச் சாயங்கால இடிமழையின் பயம். நாலு மாசத்துக்கு முன்னால் கத்தரி பிடித்த நாளில் இந்த மழையை யாரும் பார்த்திருக்க முடியாது.

சரி, வாங்குகிறவர் என்ன செய்யலாம்? நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், கொத்தின் அடி நுனியில் இருக்கும் பழத்தைக் கேட்டு வாங்கிச் சுவைத்துப் பாருங்கள். கொத்தில் பெரும்பாலும் கடைசியாக இனிப்பு ஏறுவது அங்கேதான்.