கெல்லி கோட்டை: படத்தில் வராத பாதிக் கதை

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால், கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் சாலையில் ஓரிடத்தில் கார்களும் சுற்றுலாப் பேருந்துகளும் வரிசை பிடித்து நிற்கும். அங்கே சுங்கை ராயா ஆற்றைக் கடந்தால் மேட்டின்மேல் தெரிவதுதான் கெல்லி கோட்டை. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறவர்கள் கோபுரத்தின் முன் ஒரு படம், வளைவுகளுக்கு நடுவே ஒரு படம், மொட்டை மாடியில் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு ஈப்போவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தக் கோயிலைப் பார்க்காதவர்களுக்கு இந்தக் கோட்டையின் கதை பாதிதான் கிடைக்கும்.

கோட்டை என்று பெயரே தவிர, இங்கே போர் எதுவும் நடந்ததில்லை. இது ஒரு தோட்டத் துரை தன் குடும்பத்துக்காகக் கட்டத் தொடங்கி, முடிக்க முடியாமல் போன வீடு. வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். ‘கெல்லி’ என்பது அவருடைய தாயார் வழிக் குடும்பப் பெயர். 20 வயதில் மலாயாவுக்கு வந்து, பேராக்கில் காடு வெட்டிச் சாலை போடும் வேலையில் பணம் சேர்த்தார். பிறகு கிந்தா பகுதியில் நிலம் வாங்கிப் பால்மரம் நட்டார். பிறந்த ஊரின் நினைவாகத் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்தார். ஈயத் தொழிலிலும் இறங்கினார்.

முதலில் அவர் கட்டிய வீடு இதைவிடச் சிறியது. 1915-இல் மகன் அந்தோணி பிறந்த சமயத்தில்தான் அந்த வீட்டை ஒட்டியே இந்த மாளிகையின் வேலையைத் தொடங்கினார். ஆறு மாடி உயரக் கோபுரமும், அதில் ஏறிச்செல்ல மின்தூக்கியும் திட்டத்தில் இருந்தன. அந்த மின்தூக்கி பொருத்தப்பட்டிருந்தால் மலாயாவிலேயே அதுதான் முதலாவதாக இருந்திருக்கும் என்று சொல்வார்கள். ஆனால் 1926-இல் ஐரோப்பா சென்ற ஸ்மித் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 56. மனைவி ஆக்னஸ் பிள்ளைகளோடு மலாயாவுக்குத் திரும்பி வரவில்லை. சொத்து ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மின்தூக்கிக்காக விடப்பட்ட இடம் இன்றும் வெறும் குழியாகவே இருக்கிறது. அதைப் படம் எடுப்பவர்கள் அதிகம் இல்லை. உண்மையில் அந்த வீட்டின் கதையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல படம் கிடைக்காது.

படம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று சுவர். சில இடங்களில் பூச்சு முடிந்து வழவழப்பாக இருக்கும். சில இடங்களில் செங்கல் அப்படியே வெளியே தெரியும். இதைப் பழுது என்று நினைத்துவிடக் கூடாது. வேலை எந்த இடத்தில் நின்றது என்பதை அந்தச் சுவரே காட்டிக்கொடுக்கிறது. வளைவுகளின் வடிவம் கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தையும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தையும் பார்த்தவர்களுக்குப் பழகியதாகத் தோன்றும். இந்தியாவிலும் மலாயாவிலும் ஆங்கிலேயர் காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்த இந்திய, மூரிய பாணிகளோடு துரையின் ஸ்காட்லாந்து ஆசையும் இங்கே கலந்திருக்கிறது. செங்கல்லும் பளிங்கும் இந்தியாவிலிருந்து வந்ததாகக் கூறப்படுகிறது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, உச்சி வெயிலைத் தவிர்ப்பது நல்லது. சாய்ந்த வெயிலில்தான் வளைவுகளின் நிழல் நடைபாதையில் நீளமாக விழும். கைப்பேசியில் எடுப்பவர்கள் வெளிச்சமான சாளரத்தை விட்டுவிட்டு ஆளின் முகத்தைத் தொட்டு எடுத்தால், முகம் கறுத்துப் போகாது. வளைவின் கீழ் ஒரு பிள்ளையை நிறுத்தினால் கட்டடத்தின் உயரம் படத்தில் விளங்கும். மாடியில் மட்டும் பிள்ளைகளின் கையை விடாதிருப்பது நல்லது. படத்துக்காகப் பின்னால் ஒவ்வோர் அடியாக நகரும் பழக்கம் அங்கே ஆபத்தானது.

பேய்க் கதைகளுக்கும் பஞ்சமில்லை. இரவில் துரை நடமாடுகிறார் என்பார்கள், சுரங்கப்பாதை இருக்கிறது என்பார்கள். பேயைத் தேடி வருகிறவர்களின் பேச்சில், அங்கே உண்மையாகவே உயிரைவிட்டவர்கள் இடம்பெறுவதில்லை.

மாளிகை வேலைக்காக மதராஸிலிருந்து சுமார் 70 தொழிலாளர்களை ஸ்மித் வரவழைத்ததாகச் சொல்லப்படுகிறது. வேலை நடந்துகொண்டிருந்தபோது 1918-இல் ‘ஸ்பானிய ஃபுளூ’ என்ற விஷக்காய்ச்சல் உலகம் முழுவதும் பரவியது. மலாயாவில் அது தோட்டங்களைத்தான் மோசமாகத் தாக்கியது. லயங்களில் நெருக்கி அடைபட்டு வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் மடிந்தார்கள். கிந்தா கெல்லாஸிலும் சாவு விழுந்தது. நோய் தீர அம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். துரை சம்மதித்தார். அவர் கொடுத்த உதவியில் கோயில் எழுந்தது. நன்றிக்கு அடையாளமாகக் கோயிலின் மேற்பகுதியில், தெய்வச் சிலைகளின் வரிசையிலேயே அவருக்கும் ஒரு சிலை வைத்தார்கள். சுற்றிலும் தெய்வங்கள் நிற்க, நடுவே ஒரு வெள்ளைக்காரர் நிற்பதைப் பார்த்து முதல்முறை போகிறவர்கள் சிரிப்பதுண்டு. அந்தச் சிலையைச் செய்தவர்கள், வீட்டில் எத்தனை பேரைப் பறிகொடுத்துவிட்டு அதைச் செய்தார்களோ!

துரையின் பெயர் மாளிகைக்கு நிலைத்துவிட்டது. செங்கல் சுமந்தவர்களின் பெயர்கள் பார்வையாளர் கண்ணில் படுவதில்லை. பத்து காஜா, கோப்பெங், ஈப்போ வட்டாரத்தில் இன்றும் வாழும் குடும்பங்கள் சிலவற்றுக்குக் கிந்தா கெல்லாஸோடு பழைய தொடர்பு இருக்கக்கூடும். பழைய குடும்பப் படங்களின் பின்பக்கத்தில் தாத்தா பாட்டி தோட்டத்தின் பெயரை எழுதி வைத்திருந்தால் அதைப் பத்திரப்படுத்துவது அவசியம். வாய்மொழியாகத் தெரிந்ததைப் பிள்ளைகள் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம்.

கோயிலைப் படம் எடுப்பதற்குச் சில முறைகள் உண்டு. காலணியைக் கழற்றிவிட்டு, அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எடுப்பதே மரியாதை. கருவறையைப் படம் எடுக்கக் கூடாது. துரையின் சிலை உயரத்தில் இருப்பதால், கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் முகம் தெரியாது. கொஞ்சம் தள்ளி நின்று, படத்தைப் பெரிதாக்கி எடுக்கலாம். சிலையை மட்டும் வெட்டி எடுக்காமல் பக்கத்துத் தெய்வங்களும் சேர்ந்து வரும்படி எடுத்தால், அது எங்கே நிற்கிறது என்பது பார்ப்பவருக்குப் புரியும். வழக்கமாகக் கோயில்களில் மதிய வேளையில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே காலையிலேயே முதலில் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, அதன் பிறகு கோட்டைக்குப் போவதே வசதி.