துடிப்புமுறைப் பிளாஸ்மாத் தெறிப்பின்வழி மென்படலப் படிவு

முன்னுரை

வெட்டுக்கருவிகளின் தேய்மானத்தைக் குறைக்கவும், நுண்சில்லுகளில் மின்னிணைப்புகளை ஏற்படுத்தவும், கண்ணாடியின் ஒளியியல் பண்புகளை மாற்றவும் மென்படலங்கள் பயன்படுகின்றன. இவற்றைப் படியவைக்கும் முறைகளுள் தெறிப்புமுறை முதன்மையானது. இம்முறையில் மின்திறனைத் தொடர்ச்சியாகச் செலுத்தாமல் குறுந்துடிப்புகளாகச் செலுத்துவதால் விளையும் பயன்களையும் இழப்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அடிப்படைத் தத்துவம்

வெற்றிடக் கலனுள் குறைந்த அழுத்தத்தில் ஆர்கான் வாயு செலுத்தப்பட்டுப் பிளாஸ்மா உருவாக்கப்படுகிறது. ஆர்கான் அயனிகள் எதிர்மின்வாயாக அமைந்த இலக்கு உலோகத்தின் மீது மோதி, அதன் அணுக்களைப் பெயர்த்தெறிகின்றன. அவ்வணுக்கள் எதிரேயுள்ள பொருளின் மேற்பரப்பில் படலமாகப் படிகின்றன. இலக்கின் பின்புறம் காந்தங்களை அமைத்து, எலக்ட்ரான்களை இலக்கின் அருகிலேயே சிறைப்படுத்துவது மேக்னெட்ரான் முறையாகும். தொடர் மின்னோட்டத்தில் இயங்கும்போது, பெயர்க்கப்பட்ட உலோக அணுக்களுள் மிகச் சிறு பங்கே அயனியாகிறது. மின்னூட்டமற்ற எஞ்சிய அணுக்களை மின்புலத்தால் முடுக்கவோ திசைதிருப்பவோ இயலாது.

துடிப்பின் இருவகைப் பயன்

முதலாவது, மின்பொறியைத் தவிர்த்தல். அலுமினியம் ஆக்சைடு போன்ற சேர்மங்களைப் படியவைக்க ஆக்சிஜன் சேர்க்கப்படும்போது, இலக்கின் மேலும் மின்கடத்தாப் படிவு தோன்றுகிறது. அதில் நேர்மின்னூட்டம் தேங்கி மின்பொறி எழுகிறது. பொறியில் தெறிக்கும் உருகிய துளிகள் படலத்தைக் கெடுக்கின்றன. மின்னழுத்தத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை சிறிது நேரம் நேர்த்திசைக்கு மாற்றினால், எலக்ட்ரான்கள் ஈர்க்கப்பட்டு அம்மின்னூட்டம் சமனாகிறது.

இரண்டாவது, அயனியாக்கத்தைப் பெருக்குதல். சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் விளாதிமிர் குஸ்நெட்சோவும் உடனாய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் திருப்புமுனையானது. இலக்கு தாங்கக்கூடிய சராசரித் திறனுக்கு ஓர் எல்லை உண்டு. அதனை மீறினால் இலக்கு உருகும், காந்தங்களும் வலுவிழக்கும். ஆனால் 100 மைக்ரோவினாடி நீளமுள்ள துடிப்பை வினாடிக்கு 50 முறை செலுத்தினால், மொத்த நேரத்தில் 0.5 விழுக்காடு மட்டுமே மின்திறன் பாய்கிறது. துடிப்பின்போது சதுர சென்டிமீட்டருக்கு 2000 வாட் செலுத்தினாலும் சராசரி 10 வாட்டே ஆகும். இத்தகைய உச்சத்திறனில் பிளாஸ்மா மிகவும் செறிவடைந்து, உலோக அணுக்களுள் பெரும்பங்கை அயனிகளாக்குகிறது. படிவுப்பொருளுக்கு எதிர்மின்னழுத்தம் அளித்தால், அயனிகள் மேற்பரப்பை நோக்கிச் செங்குத்தாக விரைகின்றன. இதனால் ஆழமான குழிகளுக்குள்ளும் பூச்சு சென்றடைகிறது. படலமும் இடைவெளிகளின்றிச் செறிந்து வழவழப்பாகிறது.

குறைபாடும் தீர்வும்

இலக்கருகே உருவாகும் உலோக அயனிகளுள் ஒரு பகுதி, எதிர்மின்னூட்டம் கொண்ட இலக்காலேயே மீண்டும் ஈர்க்கப்படுகிறது. எனவே சராசரித் திறன் சமமாயினும் படிவு வேகம் பெரும்பாலும் குறைகிறது. படலத்தைச் செறிவாக்கும் அயனியாக்கமே வேக இழப்புக்கும் காரணமாவது கருதத்தக்கது. துடிப்பின் நீளத்தைச் சுருக்கினாலும் காந்தப்புலத்தைத் தளர்த்தினாலும் இழப்பு ஓரளவு குறையும். எனினும் புலத்தைத் தளர்த்தும்போது அயனிப்பங்கும் குறையக்கூடும்.

முடிவுரை

ஆகவே துடிப்புமுறை எல்லாப் பூச்சுகளுக்கும் பொருந்துவதன்று. பரந்த தட்டைப் பரப்பில் விரைவாகவும் மலிவாகவும் பூசுவதற்குத் தொடர்முறையும் நடுத்தர அதிர்வெண் துடிப்புமுறையும் போதுமானவை. சிக்கலான வடிவும் கடும் உராய்வைத் தாங்கும் வலிமையும் வேண்டப்படும் இடங்களில், வேக இழப்பை ஏற்று உயர்திறன் துடிப்புமுறையைத் தேர்வதே தக்கதாகும்.